துளிக் கருணையும் தன்னெறியும்: சிபில் கார்த்திகேசுவின் நூலை முன்வைத்து

ஒரே செயல் ஓர் ஆண்டில் கொடுங்குற்றமாகவும், சில ஆண்டுகள் கழித்துப் பதக்கத்துக்குரிய வீரமாகவும், அடுத்த சில மாதங்களில் மீண்டும் குற்றமாகவும் கருதப்படுமாயின், அச்செயலைச் செய்தவரை எந்த அளவுகோலால் அளப்பது? ஆட்சியாளர் தரும் அளவுகோலாலா? அயலார் நாவினாலா? அவர் தம் நெஞ்சுக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறியினாலா? இவ்வினா ஏட்டில் மட்டும் எழுந்த வினா அன்று. நம் பேராக் மாநிலத்து மண்ணிலே, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கும் இரப்பர்த் தோட்டங்களுக்கும் நடுவே, 1941ஆம் ஆண்டுக்கும் 1948ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் மாந்தரை உறங்கவிடாமல் அலைக்கழித்த வினா. அதற்குத் தம் உடலையே விடையாக வைத்த ஒரு பெண்மணியின் நூலை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நூலும் ஆசிரியரும்

சிபில் கார்த்திகேசு அம்மையாரின் 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்னும் ஆங்கிலத் தன்வரலாறு 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்போது அம்மையார் மறைந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. இங்கிலாந்தில் மருத்துவம் பெற்றுவந்த காலத்தில் உருவான நினைவுகளே நூலாயின. 1983ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் இதனை மறுபடியும் அச்சிட்டு நம் தலைமுறையின் கைகளில் சேர்த்தது. துளியளவும் கருணை இல்லை என்பது தலைப்பின் பொருள்.

அம்மையார் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமாத்திராவின் மேடான் நகரில், யுரேசியக் குடும்பத்தில் பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயின்றவர். 1919ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழ் மரபினரான மருத்துவர் ஒருவரைக் கோலாலம்பூரில் மணந்தார். மணமகன் இந்து, மணமகள் கத்தோலிக்கர். சமயம் காரணமாகப் பெண்வீட்டில் மறுப்பு எழுந்தும் திருமணம் நடந்தேறியது. ஆறுமுகம் கணபதிப் பிள்ளையாக இருந்தவர் ஏப்டன் கிளமென்ட் கார்த்திகேசு ஆனார். 1926ஆம் ஆண்டு முதல் ஈப்போவில், அந்நாளில் புரூஸ்டர் சாலை என வழங்கி இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை எனப்படும் தெருவில், அவர்களுடைய மருத்துவமனை இயங்கியது. அம்மையார் கண்டோனிய சீன மொழியைச் சரளமாகப் பேசுவார். ஆதலின் கிந்தா பள்ளத்தாக்கின் சீன ஏழைமக்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே கொண்டனர்.

குருதியால் யுரேசியர், குடும்பப் பெயரால் தமிழர், சமயத்தால் கத்தோலிக்கர், நாவால் சீனரின் அண்டைவீட்டார். இத்தகைய ஒருவரை எந்த இனத்தின் இலக்கிய அலமாரியில் வைப்பது என்று திகைத்தே நாம் அவரைப் பலகாலம் வாசலில் நிற்கவைத்துவிட்டோம். ஆங்கிலத்தில் எழுதினார் என்பது ஒரு தடை. தோட்டத்து மக்களைப் பற்றி எழுதவில்லை என்பது மற்றொரு தடை. இவ்விரண்டையும் தாண்டி இந்நூலைப் படிக்க வேண்டிய தேவை தமிழ் வாசகனுக்கு உண்டு. அத்தேவை எது என்பதை நூலின் செய்திகளே நமக்குக் காட்டும்.

குற்றமாகிப்போன மருத்துவம்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் கோத்தாபாருவில் ஜப்பானியப் படை கரையேறியது. அம்மாதம் முடிவதற்குள் ஈப்போ அதன் கைக்குள் சென்றது. நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்பே கார்த்திகேசு குடும்பம், மலாய் மொழியில் பலகை என்று பொருள்படும் பாப்பான் என்னும் சுரங்கச் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே மெயின் வீதியில் 74ஆம் எண் கடைவீடு அவர்களுக்கு இல்லமும் மருத்துவமனையும் ஆயிற்று.

அந்நாளைய வாழ்வை இன்றைய இளைஞர் கற்பனை செய்துகொள்வது அரிது. காவலுக்கு நிற்கும் சிப்பாயைக் கண்டால் தலைதாழ்த்த வேண்டும். அயல்நாட்டு வானொலியைக் கேட்பது தலைபோகும் குற்றம். எந்தக் கடைவாசலில் எந்த ஒற்றன் நிற்கிறான் என்பது எவருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே பிழைக்கும் வழி என்று ஊரார் அனைவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்த காலம் அது. அதனைக் கோழைத்தனம் என்று இகழ நமக்கு உரிமை இல்லை. பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெற்றோர் எடுத்த முடிவு அது.

அந்த ஊரில்தான் அம்மையார் மறைத்துவைத்த வானொலியில் பி.பி.சி. செய்தியைக் கேட்டார், கேட்டதைப் பிறருக்கும் கூறினார். காட்டுக்குள் இருந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் இரவில் கதவைத் தட்டியபோது திறந்தார், புண்ணைக் கழுவிக் கட்டினார், மருந்து கொடுத்தார். அப்படையினருள் பெரும்பாலோரை வழிநடத்தியது பொதுவுடைமைக் கட்சி. அம்மையாரோ நாள்தோறும் செபமாலை கையிலெடுக்கும் பக்தர். கொள்கையால் இவர்களும் அவரும் இரு துருவங்கள். எனினும், வாசலில் நிற்பவனின் கட்சி எது என்று கேட்டுவிட்டுக் கட்டுப்போடும் தாதி அல்லர் அவர். அவருடைய நெறியின் வேர் இங்கேதான் இருக்கிறது. நாட்டுப்பற்று, சமயப்பற்று ஆகியவை அவ்வேருக்கு நீர் வார்த்தன. வேராக இருந்தது தாம் கற்ற தொழிலின் அறம்.

1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடும்பம் பிடிபட்டது. கெம்பெத்தாய் என்னும் படைத்துறைக் காவலர் அம்மையாரை வதைத்த வகைகளை நூல் ஒளிக்காமல் கூறுகிறது. வயிற்றில் நீரை நிரப்பி வதைத்தனர். விரல் நகங்களைப் பிடுங்கினர். பிரம்பாலும் தடியாலும் அடித்து முதுகெலும்பைச் சிதைத்தனர். அவரைச் சிறைவைத்த பத்து காஜா சிறையில்தான் எதிர்ப்பு இயக்கத்தின் மற்றொரு பெருமகனான லிம் போ செங் 1944ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் உயிர்நீத்தார். போரின் இறுதி ஆண்டில் அம்மையாருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஜப்பான் சரணடைந்தபின் விடுதலை பெற்றபோது அவரால் நடக்க இயலவில்லை.

இவற்றைக் கூறும் நடை நம் கவனத்துக்குரியது. தன்வரலாறு எழுதுவோர் தம் துன்பத்தைக் கூறுமிடத்துக் குரலை உயர்த்துவது இயல்பு. இந்நூலாசிரியர் குரலைத் தாழ்த்துகிறார். காயத்தைப் பற்றிப் பேசும்போது, அது தம் உடலின் காயமாயினும், தாதியின் கண்ணே முன்னிற்கிறது. புலம்பல் குறைந்து நோய்க்குறிப்பு மிகுகிறது. இலக்கியப் பயிற்சியால் வந்த நடை அன்று இது. பல ஆண்டுகளாகப் பிறர் வலியைப் பார்த்துப் பழகிய கண், தன் வலியையும் அவ்வாறே பார்க்கிறது. அதனாலேயே வாசகன் நெஞ்சு அதிகம் பதைக்கிறது.

மந்திரம் இல்லாத மணிமேகலை

தமிழ் இலக்கியம் பயின்றவர்க்கு இவ்விடத்தில் மணிமேகலை நினைவுக்கு வராமல் இராது. காப்பியத் தலைவியும் சிறை புகுந்தவள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றக் காரணமானவள். மகனை இழந்த அரசமாதேவி அவளைப் பித்தேற்ற முயன்றாள். இழிந்தவன் ஒருவனை ஏவினாள். புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போட்டாள். எதுவும் அவளைத் தீண்டவில்லை. தெய்வம் அருளிய மந்திரங்கள் அவளுக்குத் துணைநின்றன. பசி தீண்டாத மந்திரமும் வேற்றுரு எய்தும் மந்திரமும் அவளிடம் இருந்தன.

பாப்பான் தாதியிடம் மந்திரம் இல்லை. அடித்தால் எலும்பு முறிந்தது. பட்டினி போட்டால் உடல் தேய்ந்தது. காப்பியப் புலவன் அறத்தின் வெற்றியை உடலின் மீட்சியால் காட்டினான். வரலாறு அவ்வசதியைத் தருவதில்லை. தன்னெறியில் நிற்பவரின் உடலுக்கு ஒரு தீங்கும் வாராது என்று நம்பவைப்பது நம் மேடைகளில் கைதட்டல் பெறும் எளிய போதனை. இந்நூல் அப்போதனையை மறுக்கிறது. நெறி வென்றது, உடல் தோற்றது. வள்ளுவர் வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். செயலின் உறுதி என்பது ஒருவரது மனத்தின் உறுதியே என்பது அவ்வதிகாரத்தின் உட்பொருள். அதற்குப் பேராக் மண் தந்த உரை இந்நூல் எனலாம்.

தாயும் மகளும்

நூலின் உச்சமும், திறனாய்வாளன் தயங்காமல் எதிர்கொள்ள வேண்டிய சிக்கலும் ஒரே இடத்தில் வருகின்றன. அம்மையாரின் இளைய மகள் டாண் 1936ஆம் ஆண்டில் பிறந்தவள். தாய் வாய்திறக்கவில்லை என்று கண்ட யொஷிமுரா என்னும் கெம்பெத்தாய் அதிகாரி, அந்த ஏழு வயதுச் சிறுமியைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிட்டு, அடியில் நெருப்பு மூட்டி, பேசாவிட்டால் மகளைத் தீயில் இறக்குவேன் என்று மிரட்டினான். பேசவேண்டாம் என்று தாயிடம் கூறியவள் அக்குழந்தையே என நூல் சொல்கிறது. தாய் பேசவில்லை. அவ்வேளையில் அங்கு வந்த ஜப்பானியப் படை அதிகாரி ஒருவர் தலையிட்டுக் குழந்தையை அவிழ்த்துவிடச் செய்தார்.

ஒருவர் தம் நெறிக்காகத் தம்மை ஒறுத்துக்கொள்ளலாம். தம் குழந்தையை ஒறுக்கலாமா? இவ்வினாவை ஒதுக்கிவிட்டு அம்மையாரைப் போற்றுவது திறனாய்வு ஆகாது. அது வெறும் புகழாரம். நம் மரபில் சிறுத்தொண்டர் வரலாறு உண்டு. மனுநீதிச் சோழன் கதை உண்டு. அங்கெல்லாம் தந்தையின் நெறிக்கு மகன் பலியாகிறான். முடிவில் இறைவன் தோன்றி மகனை மீட்டுத் தருகிறான். மீட்சி உறுதி என்பதால் நாம் கண்ணீரோடும் நிம்மதியோடும் அக்கதைகளைக் கேட்டு வந்திருக்கிறோம். இங்கு விடைமேல் எவரும் வரப்போவதில்லை என்பது தாய்க்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

அப்படியாயின் அம்மையாரின் மௌனத்தை எவ்வாறு கொள்வது? அவர் வாய்திறந்திருந்தால் பிடிபடக்கூடியவர்கள் பலர். மருந்து சுமந்தவர், செய்தி கொண்டுசென்றவர், கதவைத் திறந்தவர் என எத்தனையோ வீடுகள், அவ்வீடுகளிலும் குழந்தைகள். தம் மகளா, பிறர் மக்களா என்ற தராசை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. பகைவன் அதனை அவர் கையில் திணித்தான். அத்தராசின் எந்தத் தட்டு தாழ்ந்தாலும் பழி, தராசைத் திணித்தவனைச் சாரும். நெறி தவறாமை என்பது கல்நெஞ்சம் என்று எண்ணுவோர் இப்பகுதியைப் படிக்க வேண்டும். தாய் தளராமல் நின்றார் என்று நூல் முழங்கவில்லை. உள்ளே அனைத்தும் தளர்ந்த நிலையிலும் நாக்கு மட்டும் அசையவில்லை என்பதே நாம் காணும் உண்மை. அவர் சரியாகவே செய்தார் என்று தீர்ப்பு எழுதிக் கையொப்பமிட எந்தத் திறனாய்வாளனுக்கும் துணிவு வரலாகாது. ஆயினும் அவரிடம் குற்றம் காணும் தகுதியும் நமக்கு இல்லை.

தலைப்பின் குறை

நூலின் தலைப்பு ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்து வழக்குமன்றக் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டது. இரக்கமே அறியாதவன் என்று வட்டிக்கடைக்காரன் ஷைலாக்கைக் குறிக்க அங்கே வரும் தொடர் அது. யொஷிமுராவுக்கு அது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. போருக்குப்பின் போர்க்குற்ற நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது.

எனினும் நூலுக்கு இத்தலைப்பு பொருந்துகிறதா? குழந்தையைக் காப்பாற்றியது எது? அதே படையின் சீருடை அணிந்த ஒருவரின் துளிக் கருணை. அவரும் தம் சூழலின் நெருக்குதலுக்கு உட்பட்டவரே. காணாததுபோல் கடந்து சென்றிருந்தால் அவரை எவரும் வினவியிருக்கமாட்டார். தம் படையும் போரும் விதித்த வழக்கத்தை ஒரு கணம் மீறி அவரும் தம் நெஞ்சின் அளவுகோலைக் கையிலெடுத்தார். ஆகவே தலைப்பு மறுக்கும் பொருளையே நூலின் உச்சக்கட்டம் மெய்ப்பிக்கிறது. துளிக் கருணை இருந்தது. எதிரியின் முகாமிலேயே இருந்தது.

தலைப்பு வதைத்தவனைச் சுட்டுகிறது. நூலின் பொருளோ வதைபட்டவரின் உறுதியும், அவர் ஊராருக்குச் செய்த பணியும் ஆகும். 1954ஆம் ஆண்டு இங்கிலாந்து வாசகருக்கு ஜப்பானியக் கொடுமை என்பது விலைபோகும் செய்தி. அச்சந்தைக்கு ஏற்ற சட்டை ஒன்றை நூல் அணிந்துகொண்டு வந்தது என்று கருத இடமுண்டு. உரிய தலைப்பு இருந்திருந்தால் வாசகர் கண் கொடுமையில் தேங்கிவிடாமல் உறுதியின்மேல் சென்றிருக்கும்.

ஒரே ஊர், இரு பாதைகள்

இந்நூலைத் தமிழர் பலர் ஒதுக்கியதற்கு வெளிப்படையாகப் பேசாத காரணம் ஒன்று உண்டு. அம்மையார் பிரிட்டனின் மீட்சியை எதிர்நோக்கியவர். மலாயாத் தமிழரோ அதே காலத்தில் நேதாஜியின் பின்னே அணிதிரண்டிருந்தனர். 1943ஆம் ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அவர் அமைத்த ஜான்சிராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் நகரத்துப் பெண்களும் சேர்ந்தனர். ஏறத்தாழ அதே வாரங்களில்தான் பாப்பான் தாதி சிறை புகுந்தார். ஒருவரின் நண்பன் மற்றவரின் பகைவன்.

ஈப்போவிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1927ஆம் ஆண்டில் ஈப்போவில் பிறந்த ராசம்மா, தம் பதினாறாம் வயதில் தமக்கை பொன்னம்மாவுடன் ஜான்சிராணிப் படையில் சேர்ந்து பர்மாவுக்குச் சென்றார். பின்னாளில் ராசம்மா பூபாலன் என அறியப்பட்டு, 1960ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டரசின் பெண் ஆசிரியர் சங்கத்துக்கு முதல் தலைவராகி, ஆண்களுக்கு இணையான ஊதியம் பெண் ஆசிரியர்க்கும் வேண்டும் என்று போராடினார். அந்நாளில் பெண்ணின் ஊதியம் குறைவாக இருப்பது இயற்கை நியதிபோல் ஏற்கப்பட்டிருந்தது. பதினாறு வயதில் பேரரசை எதிர்த்தவர், பின்னர் தம் நாட்டு வழக்கத்தையே எதிர்த்தார். பாதை மாறியது, நெஞ்சின் நேர்மை மாறவில்லை.

ஒரே ஊரைச் சேர்ந்த இரு பெண்கள். ஒருவர் ஜப்பானின் பகைவருக்கு மருந்திட்டார். மற்றவர் ஜப்பானின் துணையோடு இந்திய விடுதலைக்குத் துப்பாக்கி ஏந்தினார். யார் சரி என்று பட்டிமண்டபம் நடத்துவது எளிது. நமக்கு அதனால் விளையும் பயன் சிறிது. எந்த அணியில் நின்றார் என்பதைக் கொண்டு மட்டும் மனிதரை அளக்கும் பழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஊர் ஓடும்போது உடன் ஓடினாரா, தாம் ஆய்ந்து தெளிந்த ஒன்றுக்காக நின்றாரா என்று கேட்பதே திறனாய்வாளனின் கடமை. அவ்வாறு கேட்டால் இவ்விருவரும் ஒரே அலமாரியில் அருகருகே இடம்பெறுவர்.

மாறிய அளவுகோல்

போர் முடிந்தபின் அம்மையார் மருத்துவத்துக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பிரிட்டிஷ் மன்னரின் ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் லானார்க்கில், நாற்பத்தெட்டாம் வயதில், வதையின்போது பட்ட காயங்களின் விளைவாக அவர் உயிர் பிரிந்தது. 1949ஆம் ஆண்டில் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைந்த அதே ஜூன் மாதம் 16ஆம் நாள், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தின் இரப்பர்த் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலச் சட்டம் பிறந்தது. அது 1960ஆம் ஆண்டு வரை நீடித்தது. நேற்று காட்டில் ஜப்பானியரோடு போரிட்டவர்களுள் பலர் இன்று ஆட்சியின் பகைவர். பேராக்கின் சித்தியவானில் பிறந்த சின் பெங்கே இதற்குச் சான்று. போர்க்காலப் பணிக்காகப் பிரிட்டன் அவருக்குத் தந்த பட்டத்தைப் பின்னர் பிரிட்டனே பறித்துக்கொண்டது.

ஆகவே காட்டிலிருந்து வந்தவனின் புண்ணுக்குக் கட்டுப்போடும் ஒரே செயல் 1943இல் ஜப்பானியருக்குக் குற்றம். போர் முடிந்தபின் பிரிட்டிஷாருக்குப் பதக்கத்துக்குரிய தொண்டு. 1948 ஜூனுக்குப்பின் அதே பிரிட்டிஷாருக்கு மீண்டும் குற்றம். கட்டுப்போட்ட கை ஒன்றே. அம்மையார் மேலும் சில ஆண்டுகள் பாப்பானில் வாழ்ந்திருந்தால், மறுபடியும் ஓர் இரவில் கதவு தட்டப்பட்டிருந்தால், என்ன செய்திருப்பார் என்று ஊகிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் பதக்கத்தைக் கொண்டு அவரை மதிப்பிடுவது எவ்வளவு பேதைமை என்பது இதனால் விளங்கும். பதக்கம் தருகின்ற கை காலத்துக்கேற்பத் திரும்பும். அதனைக் கருதிச் செய்யப்படும் அறம் அதனோடேயே திரும்பிவிடும்.

1954ஆம் ஆண்டில், அவசரகாலத்தின் நடுவே இந்நூல் வெளிவந்தது என்பதையும் மறக்கலாகாது. அந்நாளில் அதனைப் பேரரசுப் பற்றின் கதையாகப் படிப்பதே ஆட்சிக்கு உகந்த வாசிப்பு. நூலில் அதற்கான இடங்கள் இல்லாமல் இல்லை. பிரிட்டிஷார் மீண்டு வருவர் என்ற நம்பிக்கை அதில் உண்டு. குடியேற்ற ஆட்சியின் குறைகளைக் கேள்வி கேட்கும் கண் அதில் இல்லை. இது நூலின் எல்லை. அந்த எல்லையைச் சுட்டிக்காட்டுவதால் நூலின் பெருமை குன்றிவிடாது. ஆசிரியரின் அரசியலைவிட அவருடைய தொழிலறம் அகன்றது; நூலை நிற்கவைப்பதும் அதுவே.

தோட்டத்து மௌனம்

இனி, இந்நூல் நம் எழுத்தாளர்களுக்கு விடுக்கும் அறைகூவலைக் காண்போம். ஜப்பானியர் காலத்துத் தமிழரின் துயரை நம் நாவலாசிரியர்கள் எழுதாமல் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்றவை சயாம்–பர்மா இருப்புப்பாதையில் மடிந்த நம் தொழிலாளரின் ஓலத்தைப் பதிவுசெய்தன. அவை நம் இலக்கியத்தின் பெருஞ்செல்வங்கள். துயரத்தைப் பதிவுசெய்த அளவுக்கு, மறுத்து நின்றவர்களின் உறுதியையும் நாம் பதிவுசெய்தோமா என்பதே என் வினா.

அவசரகாலத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். லயத்துக்கு அப்பால் பால்மரம்; பால்மரத்துக்கு அப்பால் காடு. இரவில் ஒருவன் வந்து அரிசி கேட்பான். பகலில் ஒருவர் வந்து பெயர் கேட்பார். கொடுத்தால் சட்டம் தண்டிக்கும். கொடுக்காவிட்டால் துப்பாக்கி தண்டிக்கும். சொன்னால் ஒரு சாவு. சொல்லாவிட்டால் வேறொரு சாவு. கங்காணியின் சொல் ஒருபுறம், துரையின் சொல் மறுபுறம், சங்கத்தின் சொல் பிறிதொருபுறம். இவ்வளவுக்கும் நடுவே தன் நெஞ்சின் சொல்லைக் கேட்டு நடந்த பால்வெட்டுக்காரரும் இருந்திருப்பர். அவர்களுக்குப் பதக்கம் இல்லை, பதிப்பகம் இல்லை, பெயர்சூட்டிய சாலையும் இல்லை. அம்மையாருக்கு ஈப்போவில் ஒரு சாலை உண்டு. பாப்பானின் 74ஆம் எண் வீடு மரபுடைமை ஆர்வலரின் முயற்சியால் நினைவகமாக விளங்குகிறது. தோட்டத்தில் உறுதிகாத்தவர்களின் லயங்களோ இடிக்கப்பட்டுவிட்டன. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டன.

சிபில் கார்த்திகேசுவின் வரலாறு நமக்குக் கிட்டியதற்குக் காரணம் அவருடைய துணிவு மட்டும் அன்று. அவருக்கு எழுத்து வாய்த்தது. எழுத்து வாய்க்காதவர்க்கு எழுத்தாளன் வாய்க்க வேண்டும். 1943ஆம் ஆண்டில் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அவசரகாலத்தில் முள்வேலிக்குள் வளர்ந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டனர். அவர்கள் நினைவில் இருப்பதை இன்று கேட்டு எழுதாவிட்டால் நாளை கேட்க ஆளிருக்காது. சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் வட்டாரங்களின் முன்னாள் தோட்டமக்கள் இன்று நகர்ப்புற அடுக்குமாடிகளில் சிதறி வாழ்கின்றனர். எழுதுகோல் அங்கே செல்ல வேண்டும்.

அவ்வாறு செல்லும் எழுத்தாளனுக்கும் நெருக்குதல் உண்டு. எது பரிசு பெறும், எது மேடையில் கைதட்டல் பெறும், எது எவரையும் முகஞ்சுளிக்கவைக்காது என்ற கணக்கு எழுதும் அறைக்குள்ளும் நுழைகிறது. ஊருக்கு உகந்த துயரக் கதையை ஊருக்கு உகந்த முறையில் எழுதிவிட்டு அமைவது எளிது. எழுத்தாளனின் தொழிலறமும் தாதியின் தொழிலறம் போன்றதே. வந்தவன் எந்தக் கட்சி, எந்தச் சாதி, அவனைப் பற்றி எழுதினால் யாருக்குப் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு எழுதுகோலை எடுப்பது அவ்வறத்துக்கு ஒவ்வாது. உள்ளதை உள்ளவாறு கண்டு, காயம் இருக்குமிடத்தில் கைவைப்பதே அவன் தொழில். அதற்கு இப்பாப்பான் தாதியின் நூல் நல்லதொரு துணை. அவர் பெற்ற பதக்கத்துக்காக அதனைப் படிக்க வேண்டியதில்லை. பதக்கமே இல்லாத நாளில், இருட்டில் கேட்ட கதவொலிக்கு அவர் எழுந்து சென்றாரே, அதற்காகப் படிக்கலாம்.